முதல் நோயாளியின் மகள்

அம்மாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து மறுபடி போன் வந்தது.

"ஒப்பாரி அப்புறம் வெச்சுக்கலாம் சாமி. மொதல்ல தலையைச் சுத்தி ஐஸ் வெய்யி. மூளை கெட்டுப்போயிரும்."

சுகுணா கணவனைப் பார்த்தாள். தனபால் ஒன்றும் கேட்காமல் மீன்காரரின் வீட்டுக்கு ஓடி, சாக்கு நிறைய ஐஸ் கொண்டுவந்தான். அம்மா ராசம்மாளின் நரைத்த தலையைச் சுற்றி இருவரும் அதை அடுக்கினார்கள். நாகலூர் எஸ்டேட்டில் ஆயுள் முழுக்கக் காப்பிப்பழம் பறித்தவள். கடைசி ஏழு வருடம் அவளுக்கு ஒவ்வொரு சொல்லாகக் கழன்று போனது. முதலில் பொருட்களின் பேர், பிறகு பெற்ற பிள்ளைகளின் பேர். கடைசியில் சாப்பாடு ஊட்டும் சுகுணாவின் கையையே கடித்தாள்.

அண்ணன் சிவக்குமார் பெங்களூரில் மூளை ஆராய்ச்சி செய்பவன். எலிகளை வைத்து அவன் எழுதிய கட்டுரைகளை யாரும் சீண்டவில்லை. வேலை போகும் நிலைமையில்தான் அம்மாவுக்குப் பேச்சு தடுமாறியது. வீட்டில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்துப் போனான். அம்மாவைப் பற்றி எழுதினான். அதற்குப் பிறகு அவன் ஏறாத விமானம் இல்லை.

அவன் வந்து இறங்கியபோது கூட ஹேமலதா என்ற பெண்ணும் இருந்தாள், அவனிடம் ஆராய்ச்சி செய்பவள். பின்னாலேயே சேலத்திலிருந்து ஆஸ்பத்திரி வேன் வந்தது.

"செத்தவளை எதுக்குங்க தலையைப் பொளக்கோணும்?" என்று பெரியப்பா சின்னத்தம்பி வேனை மறித்தார்.

"அண்ணன் படிச்சவருங்க. அவருக்குத் தெரியாதுங்களா?" சுகுணாதான் கத்தினாள். பெரியப்பா விலகிக்கொண்டார்.

அம்மாவை ஏற்றிக்கொண்டு வேன் மலையிறங்கிய பின் ஹேமலதா அடுப்படிக்கு வந்து, சுகுணாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அம்மா இல்லேன்னா சாரே இல்லக்கா. உலகத்துல எங்க இந்த நோயைப் பத்தி எழுதினாலும், சாரோட அந்தக் கட்டுரையைக் காட்டாம எழுத முடியாது. அவர் எழுதின மத்ததெல்லாம் சேத்தாலும் அதுல கால்வாசி வராது."

"நொம்ப சந்தோசமுங்க."

"நீங்களும் எவ்வளவு தைரியமா இருக்கீங்க! அந்தக் கட்டுரையில 'முதல் நோயாளியின் மகள்'னு வருதே, அது நீங்கதானே? உங்க ரத்தத்துலயும் அந்த நோய் இருக்குன்னு தெரிஞ்சும் அம்மாவை இப்படிப் பாத்திருக்கீங்க."

அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்தது. சுகுணா அதை இறக்கவில்லை. ஹேமலதாவின் முகம் மெல்ல வெளுத்தது.

பொங்கல்தோறும் அண்ணன் படங்களைக் காட்டிப் பேர் கேட்பான். அவள் மளமளவென்று சொல்வாள். ஊருக்கு வந்தால் தங்கச்சியோடு விளையாடுகிறான் என்று பெருமையாக இருக்கும். போன பொங்கலுக்கு மண்வெட்டிப் படம் வந்தது. பேர் வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. அவள்தான் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வேன் திரும்பியது. அம்மாவின் தலையில் புருவம்வரை வெள்ளைத்துணி சுற்றியிருந்தது. எண்ணெய் வைக்க வந்த பெண்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஒருத்தி பாதத்தில் தடவிவிட்டுப் போனாள்.

ஆண்கள் புதைத்துவிட்டு வந்து குளித்தார்கள். ஈரத்தலையோடு காருக்கு நடந்த அண்ணனை சுகுணா மறித்தாள்.

"ஏனுங்கண்ணா, எனக்கும் அது இருக்குதுங்களா?"

"யாரு சொன்னது?"

அவள் காருக்குள் இருந்த ஹேமலதாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இருக்குதுங்களாண்ணா?"

"எனக்கு இல்ல."

"உலகமெல்லாம் படிச்சிருக்குது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா?"

"சொல்லி என்ன கண்ணு பண்றது? மருந்தே கெடையாது. அதுவுமில்லாம, தெரியாம இருக்கறவங்க மூளை எப்படி மாறுதுன்னு பாக்கறதுதான் என்னோட அடுத்த வேலை. உனக்குத் தெரிஞ்சிருந்தா அத்தனையும் வீணாப்போயிருக்கும்." குரலைத் தணித்தான். "இப்பவே பாதி வீணாப்போச்சு."

காரின் பின்பக்கம் அம்மாவின் மூளை இருந்த பெட்டியைத் தனபால் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் கார்க் கதவைத் திறந்தவன் நின்றான்.

"கௌரிக்குப் பதினெட்டு ஆயிருச்சில்ல?"

சேலத்துக் கல்லூரியில் படிக்கும் மகள் கௌரி வாசலில் அழுது வீங்கிய முகத்தோடு நின்றிருந்தாள். மாமா என்றால் அவளுக்கு உயிர்.

"இங்க வா சாமி. ரெண்டே நிமிசம்."

கௌரி படியிறங்கினாள். ஹேமலதா காருக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணனே கைப்பையைத் திறந்து ரத்தம் எடுக்கும் ஊசியைத் தேடினான்.

சுகுணா மகளின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துப்போய் வீட்டுக்குள் தள்ளினாள். கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டாள். பிறகு வாசப்படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, ஏம்மா? மாமா கூப்புடுறாருல்ல!"

பனி இறங்கிக்கொண்டிருந்தது. கார் விளக்கின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. உள்ளே கௌரி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.