காணாமல் போன ஏழாம் பத்தி

அச்சகத்தில் அவளுக்குக் கால்புள்ளி அக்கா என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருஷமாக அரசிதழுக்கு மெய்ப்புப் பார்க்கிறாள். முன்பெல்லாம் நாடாளுமன்றம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஒரு சட்டத்தை அனுப்பும். அவளும் நிதானமாகப் பிழை திருத்துவாள். இப்போது சபை கூடி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதிபரின் ஆணைகள் மட்டும் நாளுக்கு நாலு, ஐந்து என்று மேஜையில் வந்து விழுந்தன. படித்துப் படித்துக் கண் பூத்துப்போனது.

அன்று வந்த ஆணை, அரசு ஊழியர் யாரையும் விசாரணை இல்லாமலே வேலையைவிட்டு நீக்கலாம் என்றது. அதில் ஆறாம் பத்திக்குப் பிறகு எட்டாம் பத்தி இருந்தது. ஏழாவதைக் காணோம். ‘ஆறு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்புதல் தராவிட்டால் இந்த ஆணை காலாவதியாகும்’ என்பதுதான் எல்லா ஆணையிலும் ஏழாம் பத்தி. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

அதிபர் செயலகத்துக்குப் போன் போட்டாள்.

“சார், ஏழாவது பத்தி விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகலம்மா. எடுத்தாச்சு.”

“அப்போ இந்த ஆணை எப்போ முடியும்?”

அந்தப் பக்கம் அதிகாரி பெருமூச்சு விட்டார். அவருக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும். “நீங்க எழுத்துப்பிழை மட்டும் பாருங்கம்மா. எட்டை ஏழுன்னு மாத்திடுங்க, முடிஞ்சுது.”

எண்ணை மாற்றினால் ஒரு பத்தி இருந்த சுவடே தெரியாது. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அச்சு மேற்பார்வையாளர் வந்து நின்றார். “அக்கா, மெஷின் சும்மா நிக்குது. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“மனசு வரலப்பா.”

“நீங்க போடலன்னா நின்னுடுமா?”

“நிக்காதுன்னு தெரியும்.”

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எண்ணைத் திருத்தி, தானே கையெழுத்துப் போட்டார். “எனக்கு ரெண்டு பொண்ணுங்கக்கா,” என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

ஒன்பதாம் நாள் அவளுக்குக் கடிதம் வந்தது. இனி வேலைக்கு வரவேண்டாம் என்று இரண்டே வரி. காரணம் எழுதியிருக்கவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.

வீட்டில் கணவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு மனு எழுதிக் குடுத்துப் பார்ப்போமா?”

“யார்கிட்டங்க குடுக்கிறது?”

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தாள். பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்தவள், பொழுது சாயும்வரை அசையாமல் தூங்கினாள்.