வட்டத் தகடு

ஜுனைதா ஆட்டை முழங்காலுக்கு நடுவில் அணைத்துப் பிடித்து அதன் கண்ணைப் பொத்தினாள். ஆராய்ச்சிக்காரர் காதை இழுத்து வைத்து இடுக்கியை அழுத்தினார். ஆடு ஒரு கத்து கத்தி ஓய்ந்தது. காதில் காலணா அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு மினுங்கியது.

வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷத்தில், வாலிநோக்கத்துக்குச் சர்க்கார் ஆள் வந்தால் வரி கேட்க வருவார், இல்லாவிட்டால் அம்மை குத்த வருவார். ஆட்டை நலம் விசாரிக்க ஒருவர் மதராசிலிருந்து வந்து இறங்கியது இதுதான் முதல் தடவை. வந்த நாளிலிருந்து உப்பளத்துப் பெண்கள் உப்பு வாரியதைவிட அவர் தொப்பியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். ஆனாலும் மனிதர் நல்ல மாதிரி. முள் நிறைந்த உடை மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வளர்க்கிறவளிடமே நேராகக் கேட்டார்.

"எந்த ஆடு எத்தனை குட்டி போட்டுச்சுன்னு உள்ளதைச் சொல்லுங்கம்மா. ஆராய்ச்சிக்கு மட்டும்தான். உங்க பேரு வெளியில வராது."

அந்தச் சொல்லில்தான் ஜுனைதா இளகிப்போனாள். சுட்டி, ஊர் முதலாளி நெய்னா முகம்மதுவின் ஆடு. அவர் பங்கு வாரத்துக்கு விட்டிருந்தார், இவள் வளர்த்தாள். பால் இவளுக்கு. முதல் ஈத்தான தலையீத்துக் குட்டி எத்தனையானாலும் ஆட்டுக்காரருக்கு. அடுத்த ஈத்திலிருந்துதான் பாதிக்குப் பாதி. சுட்டி தலையீத்திலேயே இரண்டு போட்டுவிட்டது. புருஷன் காதர் மைதீன் நெஞ்சு இழுத்துக்கொண்டு பாயில் கிடந்த நேரம். ஒரு குட்டியைக் காட்டினாள். மற்றதைத் திருப்பாலைக்குடியில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினாள். அது அங்கிருந்து கைமாறி அவனுக்கு மருந்தாகிவிட்டது.

நெய்னா முகம்மதுவின் முகத்தைப் பார்த்து "ஒண்ணுதான் மொதலாளி" என்று சொன்ன அதே வாய், தொப்பிக்காரரிடம் "தலையீத்துலேயே ரெட்டை போட்டவய்யா இவ" என்றது. யாரிடமும் சொல்ல முடியாமல் அடைத்துவைத்த பெருமை, கேட்க ஆள் கிடைத்ததும் வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் கிணற்றடியில் நாகலெட்சுமி நின்றாள். அவளுக்கு அடுத்த வீட்டு உலை கொதிக்கிற சத்தமும் கேட்கும்.

"ஏன்க்கா, ஒன் ஆட்டுக்கு மட்டும் வட்டமா? என்னோடதுக்கெல்லாம் முக்கோணம்ல அடிச்சிருக்காரு."

"தகடு தீந்துபோயிருக்கும்."

"தீரவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கேட்டுட்டேன்ல. தலையீத்துல ரெட்டை போட்டாத்தான் வட்டமாம். அந்த வகையப் பெருக்கப் போறாகளாம்." அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "நெய்னா மொதலாளி வீட்டுலதான எறங்கியிருக்காரு. நெய்ச்சோறும் மீன் ஆணமுமா கவனிப்பு நடக்குது. ஆமா, ஒன் சுட்டி ஒண்ணுதான போட்டுச்சு?"

ஜுனைதாவின் கையிலிருந்து கயிறு நழுவியது. வாளி சத்தத்தோடு கிணற்றுக்குள் விழுந்தது.

ஊரில் மச்சு வீடு அது ஒன்றுதான். வருகிற சர்க்கார் ஆளெல்லாம் அங்கேதான் தங்குவார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நெய்னா முகம்மது தன் ஆடுகளைப் பார்க்கக் கிளம்புவதும் ஊரறிந்த வழக்கம். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

சுட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டினாள்.

"ஏன் புள்ள, ஆட்ட உள்ள கட்டிருக்க?" என்றான் காதர் மைதீன் பாயிலிருந்து.

"வெளிய காத்து."

"அதுக்குக் காத்து புதுசாக்கும்."

வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவள் ஆட்டின் காதைக் கையால் மூடினாள். நகத்தால் தகட்டை நெம்பிப் பார்த்தாள், அசையவில்லை. விடிந்ததும் மீன் நறுக்கும் கத்தியை எடுத்தாள். சுட்டி தலையை உதறியது. தகடு கையோடு வந்தது. காது நுனியும் இரண்டாகப் பிளந்துகொண்டது. தகட்டை அடுப்புச் சாம்பலில் புதைத்தாள். ரத்தம் நிற்கவில்லை.

தொழுகை முடிந்து வந்தது ஒரு செருப்புச் சத்தம் அல்ல, இரண்டு. நெய்னா முகம்மதுவுக்குப் பின்னால் ஆராய்ச்சிக்காரரும் பையோடு வந்தார். ஆட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் வாசலில் முளையில் கட்டினாள். காதைப் பார்த்ததும் ஆராய்ச்சிக்காரரின் முகம் வாடியது.

"முள்ளுல மாட்டிக்கிச்சாம்மா?"

"ஆமாய்யா. உடை முள்ளு."

"பரவாயில்லை, வேற அடிச்சிடலாம். ஊர்லயே வட்டம் விழுந்தது இது ஒண்ணுக்குத்தான்." சொல்லிக்கொண்டே பையில் கைவிட்டவர், ஜுனைதாவின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நேத்துச் சோத்துல உக்காந்து வட்டம்னா என்னன்னு வெவரமாச் சொன்னீகளே" என்றார் நெய்னா முகம்மது, சிரித்தபடி. "அதான் எந்த ஆடுன்னு பாத்துட்டுப் போவம்னு வந்தேன்."

"நான் யார் பேரையும் சொல்லலையே."

"பேரு எதுக்கு? அதான் காது இருக்குல்ல."

உள்ளே காதர் மைதீன் இருமினான்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் தேவலையாகலயா?" என்று விசாரித்தார் நெய்னா முகம்மது. குரலில் கோபமே இல்லை. "சரி, ஆடு எங்கிட்டயே நிக்கட்டும். இன்னொரு குட்டி எங்கன போச்சுன்னு யோசிச்சு வையி. ஜமாஅத்துல கேக்கறப்ப வாய் கொழறக் கூடாது பாரு."

ஆராய்ச்சிக்காரர் பையிலிருந்து மருந்துச் சீசாவை எடுத்தார். பஞ்சை நனைத்துக் காதருகே கொண்டுபோனதும் சுட்டி துள்ளியது. வேறு கைக்கு அது நிற்காது.

"கொஞ்சம் பிடிச்சுக்கங்கம்மா" என்றார், அவளைப் பார்க்காமல்.

ஜுனைதா ஆட்டை முழங்காலுக்கு நடுவில் அணைத்து அதன் கண்ணைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் இமை படபடத்தது. பின்னால் நெய்னா முகம்மது குனிந்து, முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.