சுண்டுவிரல் ஏறிய தடம்

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கு அழுகட்டும். பல்லையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். அதில் ஒன்றுகூட மிச்சமில்லை.

வற்றிய ஏரியில் பழங்காலக் காலடித் தடங்களைத் தோண்டியெடுத்தபோது, அவற்றில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பது என் வேலை. மேலதிகாரியை அளவுக்காரம்மா என்போம். பாத நீளத்தை வைத்து ஆளின் உயரத்தையும், தடத்துக்குத் தடம் உள்ள இடைவெளியை வைத்து வேகத்தையும் சொல்லிவிடுவார். பதினோரு தடங்களை அளந்தவர் நாடாவைக் கீழே போட்டார்.

"பெரியவரே, பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தின ஆளு. சேத்துல, வெறுங்காலோட, இப்ப மெடல் வாங்குறவங்களுக்குச் சமமா ஓடியிருக்கான்!"

நான் வேகத்தைப் பார்க்கவில்லை. இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அது என் அண்ணன் கால். நெட்டைக்காலன் என்பதால் 'கொக்கு' என்று கூப்பிடுவோம். எனக்கு ஏழு வயதில், இதே ஏரியில் விளையாடிக்கொண்டிருந்தபோது மேலே அணை உடைந்தது. இருவரும் ஓடினோம். கரையேறித் திரும்பினேன், அவன் இல்லை. அண்ணனை விட்டு ஓடிவந்தவன் என்ற நினைப்போடு அறுபது வருஷம் தின்று தூங்கியிருக்கிறேன். அவன் எங்கேயும் முந்திப் போகிறவன்தான். பத்தாயிரம் வருஷம் கொஞ்சம் அதிகம்.

தடங்கள் தோண்டாத மண்ணுக்குள் போயின.

"மழை வருது. இதோட நிறுத்திரலாமா?"

"இன்னும் நாலடி தோண்டிப் பாப்போம்மா."

"ஏன், உங்க சொந்தக்காரரா?"

"ஆமா."

விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் தோண்டினோம். பன்னிரண்டாவது தடம் நடு ஏரியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அடுத்தவை மறுபடி கரையை நோக்கின. ஆனால் இடைவெளி சுருங்கியிருந்தது, பள்ளம் இரண்டு விரற்கடை கூடியிருந்தது.

அளவுக்காரம்மா குந்தி உட்கார்ந்தார். சிரிப்பு போய்விட்டது.

"எடை ஏறியிருக்கு. யாரையோ தூக்கிட்டு ஓடியிருக்கான். சின்னப் புள்ளையா இருக்கும்."

அப்படியானால் அன்றைக்கு நான் ஓடவேயில்லை.

கடைசித் தடத்தில் குதிகால் இல்லை. எதையோ கரைமேல் ஏற்றிவிட எம்பி நின்றவன்போல விரல்கள் மட்டும் ஆழப் பதிந்திருந்தன. அதற்கப்பால் வெறும் மண்.

பிளாஸ்டர் ஊற்றினேன். இறுகும்போது அது சூடாகும்; அரை மணியில் ஆறிவிடும். கைவைத்துப் பார்த்தேன். மழை இறங்கும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஆறவில்லை.

என் அம்மாவுக்குப் பிறந்தது நான் ஒருவன்தான். கொக்கு எங்கிருந்து வந்து எனக்கு அண்ணனானான் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.