ஊதக் கூடாது

இந்தக் காலத்து ஜனங்களுக்கு மூச்சு விடக்கூட ஒரு டப்பா வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தார் சைக்கிள் கடைக்காரர். மகள் வாங்கி வந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூன்று பந்துகள். பக்கத்தில் ஒரு குழாய்.

ஊரையே படுக்கப்போட்ட தொற்றுநோயில் ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பிய அவர் மனைவிக்காக வந்தது அது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். தினமும் குழாய் வழியே மூச்சால் பந்தைத் தூக்கிப் பழகாவிட்டால் நுரையீரல் சுருங்கியே கிடக்கும், இந்த வயதில் இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ டப்பாவைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“என்னால ஆகாது. விட்டுடுங்க.”

“இதுல என்ன ஆகாதது? காலமெல்லாம் டியூபுக்குக் காத்தடிக்கிறவன் நான். இங்க பாரு.”

குழாயை வாயில் வைத்துக் கன்னம் புடைக்க ஊதினார். பந்துகள் அசையவில்லை. மறுபடி ஊதினார். கண் பிதுங்கியதுதான் மிச்சம்.

“ஓட்டை டப்பா. உன் தலையில கட்டிட்டான்.”

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “ஊதக் கூடாதுப்பா. உள்ள இழுக்கணும்.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

இழுத்தார். ஒரு பந்து பாதி எழும்பித் தொப்பென்று விழுந்தது. இருமல் வந்து அவரை மடக்கிப் போட்டது. சட்டைப்பையில் சிகரெட் பெட்டி குலுங்கியது.

மனைவி திரும்பிப் பார்த்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை.

“எனக்கு வந்தது உங்களுக்கு வந்தா, இந்த மூச்சை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?”

“வந்தா பாத்துக்கலாம்.”

“நீங்க போய்ச் சேந்துடுவீங்க. அப்புறம் நான் யார்கூடச் சண்டை போடறது?”

அவள் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். குழாயைச் சட்டை நுனியில் துடைத்துக் கொடுக்கப் போனார். மகள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

“எச்சில் குழாயையா குடுப்பீங்க? இவ்வளவு பட்டும் புத்தி வரலியே.”

டப்பாவோடு வந்திருந்த வேறு குழாய் மாட்டிக் கொடுத்தாள். மனைவி இழுத்தாள். முதல் பந்து ஏறி நின்றது. இரண்டாவது நடுங்கி நடுங்கி மேலே போய் இறங்கியது. அதுவரை அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

“உங்களை விட ஒரு பந்து ஜாஸ்தி,” என்றாள், மேல்மூச்சு வாங்க. “நான் தினம் இழுக்கறேன். நீங்களும் பக்கத்துல உக்காரணும். பையில இருக்கறதை அவகிட்ட குடுத்துட்டு.”

“பேரம் பேசறியா?”

“ஆமா.”

பெட்டியை எடுத்து மகள் கையில் திணித்தார்.

“உங்கம்மா தேறினா அது அவ உடம்பு வலு. டப்பாவுக்கு எதுக்கு நல்ல பேரு?”

செருப்பை மாட்டிக்கொண்டு, கடையைத் திறக்கப் போய்விட்டார்.