நாற்பத்தெட்டரை சென்டிமீட்டர்

அந்த மனிதருக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் மில்லிமீட்டர். செய்து வரும் பாகங்களை அளந்து, இது தேறும், இது தேறாது என்று ஒதுக்குவதே முப்பத்தொரு வருடமாக அவர் வேலை. மயிரிழை கூடியிருந்தாலும் தூக்கிக் கடாசிவிடுவார். ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு புது டேப்பைப் பரிசாகக் கொடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாசல் நிலையை அளந்து, டேப் சரியாகத்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார்.

அவர் மனைவி அந்தப் பட்டப்பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லாத நாளும் இல்லை. அலமாரித் தட்டு, ஜன்னல் திரை, தண்ணீர்த் தொட்டி என்று வீட்டில் அவர் அளந்து எதுவும் பிசகியதில்லை. அதனால் அவர் அளவைக் கேள்வி கேட்கிற பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. பின்னால் நடந்த அத்தனைக்கும் மூலகாரணம் அதுதான்.

அவளுக்குக் கூடப்பிறந்தவள் என்று இருந்தது ஒரே ஒரு அக்கா. மகனோடு மலைமேல் இருந்தாள். போன வருடத்து வெள்ளம் ஓடைப் பாலத்தை அடித்துக்கொண்டு போனதிலிருந்து பஸ் இந்தக் கரையோடு நின்றுவிட்டது. போகிறவர்கள் ஓடைக்குள் இறங்கித்தான் அக்கரை ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க, அக்காவைப் பார்க்கணும்."

"பார்க்கலாம். முதல்ல ஓடையைப் பார்த்துட்டு வர்றேன்."

போனார். அதற்கு முந்தின இரண்டு நாளும் மழை கொட்டித் தீர்த்திருந்தது. ஓடைக்குள் கம்பை ஊன்றி, கம்பு நனைந்த உயரத்தை டேப்பால் அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். நாற்பத்தெட்டரை சென்டிமீட்டர். அடியில் இரண்டு கோடு.

"நம்ம வண்டி தாங்காது. பெரிய டயர் போடணும். பத்து நாள் வேலை, அவ்வளவுதான்."

நம்ம வண்டி என்பது முப்பது வருடத்துப் பழைய ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஜாதி. அதுவரைக்கும் எந்த மேட்டிலும் மூச்சு வாங்கி நின்றதில்லை. மறுநாளே நாலு டயரையும் கழற்றி எவனுக்கோ தள்ளிவிட்டார். புது டயர்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் அவள் இடுப்புயரம்.

மாட்டி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பார்த்தார். டயர் மட்கார்டில் உரசியது. இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்து மட்கார்டை அறுத்தார். வாசலெல்லாம் இரும்புத்தூள். சரி, முடிந்தது என்று அவள் துணிமணி எடுத்து வைத்தாள். ஒரு சக்கரத்தை ஜாக்கியால் தூக்கிப் பார்த்தவர், பள்ளத்தில் இறங்கினால் திரும்பவும் உரசும் என்றார். வண்டியின் உயரத்தைக் கூட்ட வேண்டும். அடியில் இருந்த பட்டை ஸ்பிரிங்குகளுக்கு இன்னும் இரண்டு பட்டை சேர்த்தார். உயரம் கூடியதும் பிரேக் ஹோஸ் எட்டவில்லை. நீளமான ஹோஸ் வர மூன்று வாரம் ஆயிற்று. அது வந்ததும், எஞ்சினிலிருந்து அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் சாய்ந்து நின்று கடகடவென்று ஆடியது. அதைச் சரிசெய்தால், இவ்வளவு பெரிய சக்கரத்தை எஞ்சின் இழுக்கத் திணறியது. சக்கரத்தைச் சுற்றவைக்கும் கிரவுன் பல்சக்கரத்தையே மாற்ற வேண்டும் என்று பின் அச்சைப் பிரித்துத் தரையில் பரப்பினார். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று தொங்கிக்கொண்டு வந்தது. அவர் முகத்தில் சலிப்பின் சாயலே இல்லை. சந்தோஷமாக இருந்தார் பாவி மனுஷன், அதைப் பார்த்துத்தான் அவளுக்கு வயிறெரிந்தது.

அக்கா இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் பண்ணுவாள்.

"எப்ப வர்ற?"

"வண்டி ரெடியாகிட்டே இருக்குக்கா."

"தினம் காலையில பால் வண்டி கீழ வந்துட்டு எட்டு மணிக்குத் திரும்புதுடி. அதுல ஏறி வந்துடேன்."

அதை அவரிடம் சொன்னாள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. மூன்றாம் முறை அவர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அவன் டயரைப் பார்த்திருக்கியா? மொட்டைத்தலை மாதிரி வழவழன்னு இருக்கு. அந்தத் தண்ணியில அவன் இறங்குறானா? உசுரு வெல்லமில்லையா அவனுக்கு? நான் இருக்கும்போது நீ கேனோட கேனா உக்காந்து போவியா?"

நாற்பத்தெட்டரை என்றால் அவளுக்கு முழங்காலுக்கு மேலே. எண் ஒன்று இருக்கும்போது பால்காரன் பேச்சு எடுபடுமா? உண்மையைச் சொன்னால் அவளுக்கும் கொஞ்சம் கௌரவம் பார்க்கத் தோன்றியது. புது டயர் போட்ட ஜீப்பில் போய் இறங்கினால் அக்கா ஜன்னல் வழியே பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாவது மாதம் அக்கா போனில் பேசுவதை நிறுத்திவிட்டாள். மகன்தான் பேசினான். "அம்மா தூங்குறாங்க சித்தி."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு அவன் கூப்பிட்டான். தூங்குகிறாள் என்று சொல்லவில்லை.

அவள் அழவில்லை. முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஜீப் முடிந்திருந்தது. அவர் சாவியோடு உள்ளே ஏறி, எஞ்சினை உறும விட்டு, எட்டி இந்தப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு. எந்த ஓடையும் ஒண்ணும் பண்ணாது இனிமே."

கதவின் அடிப்பலகை அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. பிடியைப் பிடித்தாள். காலைத் தூக்கினாள். மூட்டு மடங்கவில்லை. இடது முட்டி தேய்ந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. அதற்கு மருந்து வாங்கி வருவது அவர்தான். அவர் இறங்கி வந்து இடுப்பைப் பிடித்துத் தள்ளினார். வலியில் அவள் கத்தியதும் விட்டுவிட்டார். இரண்டு பேரும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டயரை அளந்தார், மட்கார்டை அளந்தார், ஹோஸை அளந்தார். ஏற வேண்டியவளை அளக்கவில்லை.

அவர் டேப்பை எடுத்தார்.

"அரை மணி நேரம் குடு. ஒரு படி வெல்ட் பண்ணிடுறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். காலி கேன்களை ஏற்றிக்கொண்டு பால் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. சாவு என்றதும் டிரைவர் பக்கத்து சீட்டைத் துடைத்துவிட்டான். ஏறுபடி தரையிலிருந்து ஒரு ஜாண் உயரம்தான். ஏறி உட்கார்ந்தாள்.

டவுன் முடிந்து மண்பாதை தொடங்கியது. கேன்கள் பின்னால் கடகடத்தன. அவள் முன்கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் உள்ளே வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. வண்டி இறங்கியது, குலுங்கியது, ஏறியது. இன்னும் வரவில்லை.

"ஓடை எப்ப வரும் தம்பி?"

"அதைத் தாண்டிட்டோமேம்மா."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"நிறுத்து."

"நேரமாகுதும்மா..."

"ஒரு நிமிஷம் நிறுத்துப்பா."

இறங்கி, வந்த வழியே நொண்டி நொண்டி நடந்தாள். கூழாங்கல் படுகை. நடுவில் பளிச்சென்று ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. செருப்போடு உள்ளே போய் நின்றாள். கணுக்கால் எலும்புகூட நனையவில்லை. டிரைவர் பின்னாலேயே வந்து நின்றான்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"மழை விட்டதுல இருந்தே இப்படித்தான். மழைக்கு ரெண்டு மூணு நாள் ஏறும், அப்புறம் வத்திடும். வருஷம் பூரா நான் வந்து போயிட்டுத்தானே இருக்கேன்."

கைப்பையில் போன் அடித்தது. மில்லிமீட்டர்தான்.

"எங்க போயிட்ட? படி வச்சாச்சு. முப்பது சென்டிமீட்டர், உனக்குச் சரியா இருக்கும்."

"ஓடையில நிக்கிறேன்."

"ஐயோ, வெளிய வா! நாற்பத்தெட்டரை..."

"என் கணுக்கால் நனையலைங்க."

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. "நான் அளந்தப்ப இருந்துச்சு," என்றார்.

"நீங்க ஒரு நாள் அளந்தீங்க. நான் நாலு மாசம் உங்க நோட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

போனை அணைத்துப் பையில் போட்டாள். அவரைத் திட்ட வாய் வரவில்லை. திட்டினால் பாதி தனக்கும் சேரும் என்று தெரிந்திருந்தது. தினம் எட்டு மணிக்கு இந்த வண்டி அவள் தெருமுனையில்தான் நின்றிருக்கிறது. கேன் உருட்டும் சத்தம் சமையலறைவரை கேட்கும்.

மேலே வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அக்கா மகன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அவள் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"சித்தப்பா வண்டி எங்க சித்தி? எதுல வந்தீங்க?"

"பால் வண்டியில."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னான்.

"தினமும் அந்த வண்டிச் சத்தம் கேட்டா, அம்மா கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லுவாங்க சித்தி. யாராவது இறங்குறாங்களான்னு பார்க்க."

அவள் உள்ளே போனாள். கட்டில் ஜன்னலைப் பார்த்தபடிதான் கிடந்தது.