கைப்பிடி இல்லாத வீடு

என் அண்ணனை முட்டாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அலுவலகத்தில் நாற்பது பேர் அவன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால் நல்ல சட்டை போட்ட எவனாவது வந்து நாலு வார்த்தை அழுத்திப் பேசிவிட்டால் போதும், மண்டையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு நிற்பான்.

ஐந்தாவது மாடியில் அவன் வாங்கிய புது வீட்டுக்கு அப்படி வந்து சேர்ந்தவன் ஒரு இன்டீரியர் டிசைனர். தொட்டதையெல்லாம் வெள்ளையாக்கினான் என்பதால் நான் அவனுக்குப் பவுடர் என்று பெயர் வைத்தேன். அவன் பேச்சும் அப்படித்தான். மணக்கும், ஆனால் ஊதினால் பறந்துவிடும்.

கட்டியவர்கள் கொடுத்தபடியே குடிபோயிருக்கலாம். குறை சொல்ல முடியாத வீடு. சமையலறைக்குக் கதவு இருந்தது, மேலே பரண் இருந்தது, குளியலறைத் தரை சொரசொரப்பாக இருந்தது. அண்ணன் என்னை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டிய அன்று இதில் ஒன்றுகூட மிச்சமில்லை. பரணை இடித்த செங்கல் கூடத்தில் குவிந்து கிடந்தது. சமையலறைச் சுவர் இருந்த இடத்தில் பவுடர் நின்றுகொண்டிருந்தான்.

"இப்ப பாருங்க மேடம், வீடு மூச்சு விடுது."

இருநூறு பேர் சாப்பிடுகிற ஒரு விடுதியின் சமையலறை பதினாறு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. எண்ணெய்ப் புகை எங்கே போகும், எங்கே போய் ஒட்டும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"வீடு மூச்சு விடட்டும். அடுப்புல எதையாவது பொரிச்சா, அந்தப் புகை எங்க போகும்? நீங்க இங்க போடப்போற வெள்ளை சோபாவுக்குத்தானே?"

"அடிக்கடி பொரிப்பீங்களா?" என்று கேட்டான், ஏதோ நோயைப் பற்றி விசாரிப்பதுபோல.

"பெட்டி, பெரிய பாத்திரம், பாய் தலையணை எல்லாம் எங்க வைக்கிறது? பரணையும் இடிச்சாச்சு."

"தேவையில்லாததை வெச்சுக்கவே கூடாது மேடம். அதுதான் இப்ப ஸ்டைல்."

அண்ணன் என் தோளைத் தட்டினான். "நீ எதைப் பார்த்தாலும் கேன்டீன் கண்ணோட பார்க்கற. இது வீடு."

"அழகு சோறு போடுமாடா?" என்றேன். இருவரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான்.

அண்ணி ஜன்னலோரம் நின்றிருந்தாள். தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்கக் கடிதங்களைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறவளுக்குப் பேச்சு மட்டும் வராது. அவளும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். செங்கல் குவியலைப் பார்த்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. ஊமைக்கோட்டான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு நான் வைத்திருந்த மரியாதை அவ்வளவுதான்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் எங்கள் அம்மா. அப்பா போனதிலிருந்து அண்ணனோடுதான் இருக்கிறாள். விரல் மூட்டுகளில் வாதம். காலையில் பல் துலக்கும் பிரஷைப் பிடிக்கவே ஐந்து நிமிடம் ஆகும். புட்டி மூடியைப் பல்லால் திறப்பாள், யாரும் பார்க்காதபோது.

அடுத்த முறை நான் போனபோது தச்சுவேலை நடந்துகொண்டிருந்தது. சமையலறை அலமாரி, படுக்கையறை அலமாரி, குளியலறைக் கதவு எல்லாம் வழவழவென்று ஒரே வெள்ளைப் பலகை. எதிலும் கைப்பிடி கிடையாது. அழுத்தினால் துள்ளித் திறக்கும். குளியலறைக் கதவு சுவரோடு சுவராக மூடிக்கொள்ளும், அங்கே கதவு இருப்பதே தெரியாது. வெளியிலிருந்து தள்ளினால் போதும். உள்ளேயிருந்து திறக்க மட்டும் ஓரத்தில் நகக்கண் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம். அதில் விரலைக் கொடுத்து இழுக்க வேண்டும்.

"எங்கம்மா இதை எப்படித் திறப்பாங்க?" என்று தச்சரைக் கேட்டேன்.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் காதிலேயே செருகினார். "வரைஞ்சு கொடுத்த படத்துல கைப்பிடி இல்லம்மா."

"படத்தை விடுங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

"இந்த ஸ்பிரிங் ஆறு மாசம் தாங்காது. கை ஈரம் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் உப்பும். வயசானவங்க இருக்கற வீட்டுக்கு இது ஆகவே ஆகாது."

"இதை எங்கண்ணன்கிட்ட சொல்லலாமே?"

"என்னை யாரு கேட்டாங்க?" என்று திருகாணியை முடுக்கத் தொடங்கினார். முப்பது வருட அனுபவமாம். அத்தனையும் அவருடைய வாய்க்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. அன்றே அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன், நன்றாகக் கத்தியே சொன்னேன். "டிசைனர்கிட்ட பேசறேன்" என்றான். பவுடர் என்ன சொன்னான் என்பதும் மறுநாள் எனக்கு வந்து சேர்ந்தது. வெள்ளைச் சுவரில் ஒரு கைப்பிடி வைப்பது முகத்தில் பரு வருவதைப்போலவாம். அதை அண்ணன் ரசித்துச் சொன்னான்.

குடிபோனார்கள். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அம்மா எல்லோரையும் அழைத்துச் சுற்றிக் காட்டினாள். "எங்க பையன் பார்த்துப் பார்த்து இழைச்சிருக்கான்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவளுடைய கை முந்தானைக்குள் இருந்தது. குளியலறைக் கதவு மூடிக்கொள்ளாமலிருக்க அவள் ஒரு பழைய செருப்பை இடுக்கில் வைப்பாளாம். அலங்கோலமாக இருக்கிறது என்று அண்ணன் அதை எடுத்துவிட்டானாம். இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்குள் ஒரு திருப்தி ஏறியது. ஒவ்வொரு குறையையும் பொறுக்கி எடுத்துவந்து விடுதியில் என் கீழ் வேலை செய்கிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பேன். வெள்ளை சோபா மஞ்சளானதைச் சொன்ன அன்று எங்கள் சமையலறையே குலுங்கியது.

இரண்டாம் மாதம் பவுடர் புகைப்படக்காரன் ஒருவனைக் கூட்டிவந்தான். ஏதோ பத்திரிகைக்குப் படம் எடுக்க வேண்டுமாம். அன்று எனக்கு விடுமுறை. வேடிக்கை பார்க்கவென்றே போனேன். அண்ணனும் விடுப்பு எடுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான். அண்ணி வேலைக்குப் போயிருந்தாள்.

மேடையிலிருந்த மிக்ஸி, மருந்து டப்பா, குடை, செய்தித்தாள் எல்லாம் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போயின. கடைசியில் அம்மா உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி. அதன் இரண்டு கைகளையும் ஊன்றித்தான் அவளால் எழுந்திருக்க முடியும். பவுடர் அதை இரண்டு விரலால் தூக்கினான்.

"இது மட்டும் பால்கனிக்குப் போகட்டும். அம்மா, நீங்களும் கொஞ்ச நேரம் அங்கயே உட்காருங்களேன். அரை மணி நேரம்தான்."

துணி துவைக்கும் இயந்திரமும் துடைப்பமும் இருக்கிற பின்பக்கத்து பால்கனி. "காத்தோட்டமா இருக்கும்" என்று அம்மாவே எழுந்து போனாள். பவுடர் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினான்.

அரை மணி நேரம் மூன்று மணி நேரமானது. ஒரு கிண்ணத்தில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து அதை எடுப்பதற்கே நாற்பது நிமிடம். நான் விடவில்லை. "அந்தப் பழத்தை அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிருங்க, திறக்க முடியாம அப்படியே ஊறுகாய் ஆகட்டும்" என்றேன். புகைப்படக்காரன் சிரித்துவிட்டான். பவுடரின் முகம் சுண்டியது. எனக்கு அது போதும். வாய் ஓயாமல் பேசினேன். அன்று நான் பேசியதைப்போல வாழ்க்கையில் பேசியதில்லை. அம்மா ஒருமுறை பால்கனிக் கண்ணாடியைத் தட்டியது எனக்குக் கேட்டது. "இரும்மா, முடியப்போகுது" என்று திரும்பாமலே சொன்னேன்.

மூன்றாம் நாள் அம்மாவுக்குக் குளிரோடு காய்ச்சல். சிறுநீர்ப் பாதையில் தொற்று என்றார் டாக்டரம்மா. நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?"

அம்மா அண்ணியைப் பார்த்தாள். டாக்டரம்மா மறுபடி கேட்டார்.

"காலைல மருமக இருக்கறவரைக்கும் குடிப்பேன்" என்றாள் அம்மா. "அவ எட்டு மணிக்குக் கிளம்பிடுவா. அப்புறம் சாயங்காலம் அவ வந்தாத்தான். நடுவுல குடிச்சா உள்ள போகணும். போனா கதவு சாத்திக்குது, விரல் நுழைய மாட்டேங்குது. ஒருநாள் மாட்டிக்கிட்டேன். கத்தினா யாருக்கும் கேக்கல."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டது அண்ணி.

"கடியாரம் உள்ள இல்லியேம்மா."

அண்ணன் தரையைப் பார்த்தான். அந்த நேரத்திலும் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன். தலை தலையா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டீங்க?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"சொன்னே. நல்லாத்தான் சொன்னே. கடைக்குப் போய் ஒரு கைப்பிடி வாங்கிட்டு வந்தியாடி?"

வாங்கி வரவில்லை. பதினாறு வருடமாக இருநூறு பேருக்கு வேளை தவறாமல் சாப்பாடு போடுகிறவள் நான். என் சமையலறையில் ஒரு குழாய் சொட்டினால் அன்று மாலைக்குள் ஆள் வந்து சரி செய்தாக வேண்டும். என் அம்மா வீட்டுக் கதவை வைத்து மட்டும் இரண்டு மாதம் நகைச்சுவை செய்துகொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அங்கே போனபோது வாசலிலேயே துளைபோடும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அண்ணி ஸ்டூலில் ஏறி நின்றிருந்தாள். காவலாளியிடம் இரவல் வாங்கிய டிரில் கையில், முந்தானை இடுப்பில். தரையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய இரும்புக் கைப்பிடிகள். பள்ளிக்கூட அலமாரிகளில் இருக்குமே, தடித்த, வளைந்த, உள்ளங்கை முழுதாக நுழைகிற வகை. குளியலறைக் கதவில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று ஏற்கெனவே ஏறியிருந்தது. உள்ளே இருந்தது கொஞ்சம் கோணல்.

"என்ன பண்றே நீ? என்ன பண்றே?" என்று அண்ணன் அறைக்கும் கூடத்துக்கும் அலைந்தான். "பவுடர்... அவர்... அவர் வந்து பார்த்தா என்ன நினைப்பார்?" நான் வைத்த பெயர் அவன் வாயிலும் புகுந்திருந்தது.

"அவரா இங்க குடியிருக்கார்?" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். மறுபடியும் டிரில் சீறியது. வெள்ளைத் தூள் அண்ணனுடைய சட்டையில் விழுந்தது.

பவுடர் நிஜமாகவே வந்தான். அண்ணன்தான் வரவழைத்திருந்தான். கூடத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தான். யாரோ இறந்த வீட்டுக்கு வந்தவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

"இதை நான் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"கவலைப்படாதீங்க, சொல்ல மாட்டோம்" என்றாள் அண்ணி. "போறப்ப அந்தக் கதவை ஒருதடவை இழுத்துப் பார்த்துட்டுப் போங்க. சுலபமாத்தான் இருக்கு."

எனக்குத் தயாராக ஏழெட்டு வாக்கியங்கள் இருந்தன, எல்லாம் கூர்மையானவை. ஆனால் ஸ்டூல் ஆடிக்கொண்டிருந்தது. போய்ப் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, அடுத்து எது?" என்றேன். அவள் சமையலறையின் கீழ் அலமாரியைக் காட்டினாள். அளவு நாடாவை நான் பிடித்தேன், அவள் பென்சிலால் புள்ளி வைத்தாள். மாலைக்குள் பதினேழு கைப்பிடி. குளியலறைத் தரைக்கு ரப்பர் விரிப்பு வாங்கி வந்தது நான்.

பத்திரிகையில் படம் வந்தது. எலுமிச்சம்பழம் நன்றாகவே விழுந்திருந்தது. அண்ணன் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான். போன வாரம் அவனுடைய அலுவலக நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் கதவைப் பார்த்துவிட்டு, "படத்துல கைப்பிடியே இல்லையே சார்?" என்று கேட்டார்.

"அது நம்ம யோசனை" என்றான் அண்ணன், கைப்பிடியைத் தட்டிக்கொண்டே. "வீடுன்னா அழகு மட்டும் பத்தாது பாருங்க. வயசானவங்க இருக்காங்க. அதையும் யோசிச்சுத்தான் செய்யணும்."

நண்பர் தலையாட்டினார். அண்ணி அவர்களுக்கு டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை. பால்கனிக்குப் போய்த் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தி, கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தேன்.