சிவப்புப் பொட்டு வைத்த நட்டு

ஷியூலிங் வாயில் வைத்த நூடுல்ஸை அப்படியே கிண்ணத்தில் துப்பினாள்.

"அக்கா, வலது முன்சக்கரத்து பிரேக் குழாய் நட்டை நான் முறுக்குனேனா?"

"என்னக் கேட்டா? நான் சீட்டு பூட்டுறவ. நான் தப்பு பண்ணா எவனுக்காவது இடுப்பு வலிக்கும், அவ்ளோதான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது.

எங்கள் தொழிற்சாலை ராணுவத்துக்கும் மலைக்காட்டு வேலைக்கும் வண்டி செய்கிறது. நட்டை முறுக்கியதும் அதன் தலையில் பெயிண்ட் பேனாவால் சிவப்புப் பொட்டு வைக்க வேண்டும். பரிசோதகர் பொட்டைத்தான் பார்ப்பார், நட்டைத் தொடமாட்டார். ஆனால் ஸ்பேனரை வைத்துவிட்டுப் பேனா, பேனாவை வைத்துவிட்டு ஸ்பேனர் என்று மாற்றி மாற்றி எடுக்க எவளுக்குப் பொறுமை? பிரேக் வரிசைப் பெண்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் பொட்டு வைத்துவிட்டு, பிறகுதான் முறுக்குவார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. சொன்னால் கேட்டால்தானே!

இன்று காலை, அந்த வரிசையில் ஷியூலிங் பொட்டு வைத்து முறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், வண்டி வாங்க வருகிறவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள் என்று மேஸ்திரி லூ அவளைக் கண்ணாடி துடைக்க இழுத்துப் போய்விட்டார். அவர்கள் முன்னால் சோதனைக்கான சரிவுமேட்டில் ஏறப்போவது அதே வண்டிதான். ஓட்டப்போவது அவள் புருஷன் கெங்ஷெங்.

பாதி மேட்டில் நிறுத்தி, பிரேக்கை மட்டும் நம்பி நிற்க வேண்டும். சமதளத்தில் மெல்ல மிதித்தால் தளர்ந்த நட்டும் தாங்கும். மேட்டில் முழுப் பலத்தோடு மிதித்தால் பிரேக் எண்ணெய் பீச்சிவிடும். அப்புறம் வண்டி பின்னால் உருள வேண்டியதுதான். கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை, கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

ஓடினோம். எனக்கு மூச்சு வாங்கியது. முன் சக்கரங்கள் மேட்டைத் தொட்டிருந்தன. ஷியூலிங் நேராகப் போய் வண்டியின் முன்னால் கையை விரித்து நின்றாள்.

"ஏய், சாகணுமா உனக்கு?" கெங்ஷெங் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"இறங்குங்க! முதல்ல இறங்குங்க! வலது பிரேக் நட்டை முறுக்குனேனான்னு தெரியல!"

விருந்தாளிகள் முன்னால் மேஸ்திரிக்கு மானம் போயிற்று. பற்களைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். நட்டு அசையும் முன்பே, இறுக்கம் போதும் என்று ஸ்பேனர் 'கிளிக்' என்றது.

"இறுக்கமாத்தான் இருக்கு. பைத்தியமா உனக்கு?"

ஷியூலிங் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. கெங்ஷெங் சிரித்துக்கொண்டே அவள் பக்கத்தில் குந்தினான்.

"பொட்டு இருக்கறத பார்த்துட்டுத்தானே ஏறுனேன். அப்புறம் என்ன பயம்?"

"பொட்டு... முதல்லயே வச்சிடுவோம்."

அவன் சிரிப்பு நின்றது.

"நேத்து நான் ஏத்துன வண்டியிலயுமா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"முந்தாநாள்?"

மேஸ்திரி இன்னும் வண்டிக்கு அடியில்தான் இருந்தார். அவருடைய கால்கள் மட்டும் அசையாமல் வெளியே தெரிந்தன. மேட்டுக்குக் கீழே இன்னும் ஏழு வண்டிகள் வரிசையாக நின்றன. கெங்ஷெங் எழுந்து போய் இன்ஜினை அணைத்தான். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"எல்லா நட்டையும் கழட்டி மறுபடி முறுக்குங்க," என்றான். "வண்டி வாங்க வந்தவங்க வீட்டுக்குப் போகட்டும்."